அந்தக் காக்கையிடம் குவெஸ்ட் இல்லை

சென்ற இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், ஆன்லைன் மாயாஜால கேம்களின் வானத்தில் சும்மா பறந்துபோகும் பறவைகளைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கங்களை நிரப்பிவிட்டன. வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: டிராகன் பறக்கிற உலகத்தில் காக்கை எதற்கு?

பதில்: டிராகன் எவ்வளவு பெரிது என்று நமக்குச் சொல்வதற்கு. டிராகனை நம்மில் யாரும் பார்த்ததில்லை. காக்கை தினமும் ஜன்னலுக்கு வருகிறது. கோட்டையின் கோபுரத்தை வரைகலைஞர் எவ்வளவுதான் உயர்த்தினாலும் திரையில் அது ஒரு சாண் தாண்டாது. அந்தச் சாணுக்கு நடுவே நாலைந்து கறுப்புப் புள்ளிகள் இறக்கையடித்துக் கடக்கட்டும், கோபுரம் அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்கு வளர்ந்துவிடும்.

எனக்குப் பிடித்த காரணம் இன்னொன்று. கேமில் கண்ணில் படுகிற எல்லாமே நம்மிடம் எதையோ எதிர்பார்க்கிறது. தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நிற்பவர் 'குவெஸ்ட்' என்ற பெயரில் வேலை சொல்லக் காத்திருக்கிறார். ஓநாய் கடிக்கக் காத்திருக்கிறது. பெட்டி திறப்பதற்காகக் காத்திருக்கிறது. காக்கைக்கு நம்மால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை, அது எங்கேயோ போகிறது. நான் கேமைத் திறப்பதற்கு முன்பும் இந்த உலகம் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது என்று நம்ப எனக்கு அந்த ஒரு காக்கை போதும்.

கேள்வி: நானும் என் தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கேம் ஆடுகிறோம். கேமுக்குள்ளும் இரண்டு பேரும் ஒரே பாறைமேல்தான் நிற்கிறோம். என் திரையில் பறவைக் கூட்டம் போகிறது, அவள் திரையில் வானம் காலி. யாருடைய கம்ப்யூட்டரில் கோளாறு?

பதில்: இரண்டிலும் இல்லை. ஓநாய்க்கு எவ்வளவு உயிர் மிச்சம், அது யாரைத் துரத்துகிறது என்பதில் நீங்கள் இருவரும் ஒத்துப்போயே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அதைக் கொன்றால் கிடைக்கும் லூட் யாருக்கு என்று வீட்டுக்குள் அடிதடி வரும். அதனால் ஓநாயின் கணக்கு சர்வரில் இருக்கிறது. சர்வர் சொல்வதே இருவருக்கும் வேதம். பின்னணிப் பறவையின் கணக்கைப் பெரும்பாலான கேம்கள் சர்வருக்குக் கொடுப்பதே இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஆடும் உலகில் ஒவ்வொரு பறவையும் இப்போது எங்கே இருக்கிறது என்று நொடிக்குப் பல தடவை எல்லாருக்கும் அனுப்ப ஆரம்பித்தால், குருவியே பனங்காயாகி சர்வரின் தலையில் உட்கார்ந்துவிடும். ஆகவே உங்கள் பறவைகளை உங்கள் கம்ப்யூட்டரே பறக்கவிடுகிறது, தங்கையின் பறவைகளை அவளுடைய கம்ப்யூட்டர்.

இதைச் சோதிக்க நல்ல நேரம், நெட் தடுமாறி லேக் அடிக்கிற நேரம். ஓநாய் நின்ற இடத்திலேயே காலை உதைத்துக்கொண்டிருக்கும். வழியில் போனவர் சுவரில் முட்டியபடி நடந்துகொண்டே இருப்பார். மரக்கிளை மட்டும் வழக்கம்போல அசையும், தண்ணீர் மின்னும், பறவைகள் பறக்கும். சர்வர் என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது.

அந்தக் கூட்டம் உங்களுக்கு மட்டுமே வந்தது. அடுத்த தடவை தங்கையைக் கூப்பிட்டு உங்கள் திரையைக் காட்டுங்கள்.

கேள்வி: நேற்று ஒரு பறவை நேராகப் போய் மலைக்குள் நுழைந்து மறைந்தது. இது கவனக்குறைவு இல்லையா?

பதில்: மலை இருப்பதை அந்தப் பறவைக்கு யாரும் சொல்லவில்லை. எதிரே என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு பறவையும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பார்த்துக்கொண்டே போனால் கணக்கு எகிறும். அதனால் பலவற்றுக்கு ஒரு கண்ணுக்குத் தெரியாத தடத்தை மட்டும் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். தடம் போட்ட பிறகு யாரோ மலையை நகர்த்தியிருக்கலாம். கவனக்குறைவுதான், மன்னிக்கக்கூடியது.

கேள்வி: நூறு பறவை சேர்ந்து திரும்பும்போதும் ஒன்றோடொன்று இடிப்பதில்லையே. அந்தக் கூட்டத்தை ஓட்டுவது யார்?

பதில்: யாரும் ஓட்டுவதில்லை. அதுதான் அதன் அழகு. 1986-ல் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்கர் இந்தப் புதிரை மூன்றே கட்டளைகளில் அவிழ்த்தார். பக்கத்தில் இருப்பவரை இடிக்காதே. அக்கம்பக்கத்தார் போகிற திசையில் அவர்கள் வேகத்திலேயே போ. அவர்களுக்கு நடுவில் இருக்கப் பார். இவ்வளவுதான். ஒவ்வொரு பறவைக்கும் இந்த மூன்றையும் கொடுத்துவிட்டால் தலைவன் இல்லாமலே கூட்டம் வளைகிறது, இரண்டாகப் பிரிகிறது, மறுபடி சேர்கிறது. இந்தப் பறவைகளுக்கு அவர் 'பாய்ட்' என்று பெயர் வைத்தார், 'பறவை மாதிரியானது' என்பதன் செல்லச் சுருக்கம். 1987-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1992-ல் வந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தின் வௌவால் கூட்டமும் பென்குவின் படையும் இந்த வழியில் செய்யப்பட்டவை. இன்று கேம் செய்யக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் பலர் எழுதிப் பார்க்கும் பயிற்சி இது. எழுதி முடித்து ஓடவிட்டதும், தான் சொல்லிக்கொடுக்காத ஒன்றை அந்தப் புள்ளிகள் செய்வதைப் பார்த்து வாய்பிளக்காதவர் இருக்க மாட்டார்.

இதற்குப் பிறகு நடந்தது இன்னும் சுவையானது. ரோம் நகரத்துக்குக் குளிர்காலத்தில் மைனாவின் உறவுக்காரர்களான ஸ்டார்லிங் பறவைகள் பெருங்கூட்டமாக வந்து, சாயங்காலம் ரயில் நிலையப் பக்கத்து வானத்தில் கரும்புகைபோலச் சுருள்கின்றன. இத்தாலிய இயற்பியலாளர்கள் ஒரு அருங்காட்சியகத்தின் மொட்டை மாடியில் கேமராக்களை வைத்து ஒவ்வொரு பறவையின் இடத்தையும் முப்பரிமாணத்தில் கணக்கிட்டார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜோ பாரிசியும் அந்தக் குழுவில் இருந்தார். 2008-ல் வெளியான முடிவு: ஒரு ஸ்டார்லிங் தனக்கு மிக அருகில் உள்ள ஆறேழு பறவைகளைத்தான் கவனிக்கிறது. அவை ஒரு முழத்தில் இருந்தாலும் சரி, நாலு முழத்தில் இருந்தாலும் சரி. ரெனால்ட்ஸின் பறவைக்கோ குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பவர்கள்தான் அக்கம்பக்கம். வல்லூறு பாய்ந்து கூட்டம் சிதறினால் தூரத்தைப் பார்க்கிற பறவை தனித்துப்போகும். ஆளை எண்ணுகிற பறவை தன் ஆறேழு பேரை விடாது.

கேம் செய்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் பறவைகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: பின்னணிப் பறவைகள்மீது அம்பு விட்டால் ஊடுருவிப் போய்விடுகிறது. வில்லாளிக்கு இது அவமானம் இல்லையா?

பதில்: ஒரு காலத்தில் பட்டது. பட்டபோது என்ன ஆனது என்று கேளுங்கள். 1997-ல் வந்த அல்டிமா ஆன்லைனில் பறவைகளைக் கொல்ல முடியும். செத்த பறவையைக் கத்தியால் அறுத்தால் 25 இறகு. இறகும் குச்சியும் சேர்ந்தால் அம்பு. வில்லாளிகள் அந்த உலகத்தில் காக்கையையும் மேக்பையையும் எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2001-ல் வந்த ரூன்ஸ்கேப்பில் லம்பிரிட்ஜ் ஊர்க் கோழிகளுக்கும் இதே தலையெழுத்து. அங்கே இறகு அம்புக்கும் உதவும், தூண்டிலுக்கும் உதவும்.

அல்டிமா ஆன்லைனைச் செய்தவர்கள் இதைவிடப் பெரிய கனவு கண்டார்கள். புல்லைத் தின்ன முயல், முயலைத் தின்ன ஓநாய், இரை குறைந்தால் ஓநாய் ஊர்ப்பக்கம் வரும் என்று ஓர் உணவுச் சங்கிலியையே கட்டினார்கள். ஆட வந்தவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தீர்த்தார்கள். முயல் பெருகும் வேகத்தைவிட வாள் வேகமாக இருந்தது. அந்தக் காட்டுக்குள் ஒரு சமநிலை ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கக்கூட இல்லை. கடைசியில் அந்த ஏற்பாட்டையே கழற்றிவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

உங்கள் அம்பு ஊடுருவிப் போகிற பறவை அந்தப் பாடத்துக்குப் பிறகு பிறந்தது. அது எட்டாத உயரத்தில் இருக்கட்டும். விலை இல்லாத ஒன்று வானத்தில் பறப்பதை நான் அவமானமாக நினைக்கவில்லை.

கேள்வி: கேமில் தெருவோரம் மேயும் கோழியிடம் பேசிப் பார்த்ததுண்டா?

பதில்: பேசியிருக்கிறேன், பதிலும் வந்தது! வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் வெஸ்ட்ஃபால் என்று காய்ந்துபோன ஒரு விவசாயப் பூமி. அங்கே பண்ணைக் கோழி ஒன்றின் எதிரே நின்று, கோழிபோலக் கொக்கரிக்கும் கட்டளையைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். பத்துத் தடவையில் நடக்கலாம், நூறு தடவையும் ஆகலாம். திடீரென்று அந்தக் கோழியே உங்களுக்கு ஒரு குவெஸ்ட் கொடுக்கும். விவசாயி சால்டீனிடம் விசேஷத் தீவனம் வாங்கி வந்து போட்டால் முட்டையிடும். முட்டைக்குள் இருப்பது உங்கள் பின்னாலேயே வரும் கோழி. எந்த வழிகாட்டிப் பலகையும் இதைச் சொல்வதில்லை. ஒரு கோழியின் முன்னால் வேலைவெட்டி இல்லாமல் நிற்கத் தெரிந்தவருக்கு யாரோ ஒருவர் ஒளித்துவைத்த பரிசு.

அதே பண்ணையில் சால்டீனின் மனைவி குழம்பு வைக்கச் சாமான் கேட்பார். பழைய பட்டியலில் காட்டுப்பன்றியின் மூக்கு, மீன்மனிதனின் கண், பிணந்தின்னிக் கழுகின் இறைச்சி, கூடவே வெண்டைக்காய். மாயாஜால உலகம் என்று வந்த இடத்தில் வெண்டைக்காயைப் பார்த்ததும் எனக்கு ஊர் வந்துவிட்டது.

கேள்வி: அந்தக் கழுகுகளைப் பற்றித்தான் கேட்க நினைத்தேன். கேமில் பிணந்தின்னிக் கழுகுகள் சர்வசாதாரணமாக வட்டமடிக்கின்றன. எனக்கு 24 வயது. நிஜத்தில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அவை கற்பனைப் பறவைகளா?

பதில்: இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். கற்பனை இல்லை, தம்பி. அதன் பெயர் பாறு. உங்கள் தாத்தாவைக் கேளுங்கள், ஊருக்கு வெளியே மாடு செத்துக் கிடந்தால் வானத்தில் முதலில் ஒரு புள்ளி தெரியும், அரைமணியில் கூட்டமே இறங்கியிருக்கும் என்பார்.

1990-களில் தொடங்கி இந்தியா முழுவதும் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் காரணம் என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். ஊசி போட்டும் பிழைக்காத மாட்டின் இறைச்சியைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்துபோனது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை அரசு தடைசெய்தது. அதே 2004-ஆம் ஆண்டு நவம்பரில்தான் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வெளியானது. நம் வானத்தில் பாறு ஏன் இல்லை என்பது தெரியவந்த வருடத்தில், வெஸ்ட்ஃபால் வானத்தில் பாறு பறக்க ஆரம்பித்தது.

மொத்தமாகப் போய்விடவில்லை. நீலகிரி மலையடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றங்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. முதுமலைப் பக்கம் போனால் வானத்தைப் பாருங்கள். இறக்கையை அசைக்காமல் மெதுவாக வட்டமிட்டு உயர்கிற பெரிய பறவை தெரிந்தால் அது கேமில் பார்த்த அதே வட்டம். வெயிலில் சூடாகி எழும் காற்றுத்தூண் ஒன்றின்மேல் அது சவாரி செய்கிறது. கேமின் வானத்தில் காற்றே கிடையாது. வட்டத்தை மட்டும் நகல் எடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: கழுகு, காக்கை, கடற்காகம் என்று அதே நாலு பறவைதான் எல்லா கேமிலும். ரீங்காரச்சிட்டு ஏன் இல்லை?

பதில்: அது நொடிக்குச் சுமார் 50 தடவை இறக்கையடிக்கும். ஓர் அடிப்பில் இறக்கை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை தெரிய வேண்டும் என்றாலும் நொடிக்கு 100 ஃப்ரேம் வேண்டும். நம்மில் பலருடைய திரை 60-லேயே மூச்சு வாங்குகிறது. காக்கை நிதானமாக நாலைந்து தடவை அடிக்கிறது, கழுகு அடிப்பதையே மறந்துவிடுகிறது. தூரத்தில் இரண்டு முக்கோணத்தை ஒட்டி மேலும் கீழும் ஆட்டினாலே கடற்காகம் தயார், பக்கத்தில் கடல் இருக்கிறது என்ற சேதியையும் அதுவே சொல்லிவிடும்.

கேள்வி: பறவையாகவே மாறி ஆட முடியுமா?

பதில்: 2007-ல் வந்த லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைனில் முடியும், பறக்கத்தான் முடியாது. ஷயர் பகுதியில் உள்ள சாண்ட்சன் பண்ணையில் கோழியாக மாறலாம். வாள் கிடையாது, கவசம் கிடையாது, ஓநாய் ஒரு கடி கடித்தால் கதை முடிந்தது. அந்த உடம்போடு காடு மலை தாண்டி நெடுந்தூரம் ஓட வேண்டும். பெரிய லெவல் வீரனாக அலட்சியமாகக் கடந்த பாதையில் கோழியாக ஓடிப் பாருங்கள், ஒவ்வொரு புதரும் உங்களுக்கு முக்கியமாகிவிடும்.

கேள்வி: கேமில் நடு ராத்திரியிலும் குருவி கத்துகிறது. எனக்கு மட்டும்தான் இது உறுத்துகிறதா?

பதில்: எனக்கும் உறுத்துகிறது, சேர்ந்து புலம்புவோம். அடியில் காட்டு இரைச்சலாக ஒரு நீளமான ஒலித்துண்டு திரும்பத் திரும்ப ஓடும். அதன்மேல் தனித்தனிக் குரல்களை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தூவுவார்கள். தூவலில் அவசரப்பட்டால், அதே குருவி அதே ராகத்தில் அரை நிமிடத்துக்கொரு தடவை வரும். ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு வேறெதுவும் கேட்காது.

பறவைக் குரலில் ஏமாற்றுவது சினிமா தொடங்கிவைத்த பழக்கம். ஆப்பிரிக்கக் காட்டில் நடக்கும் பழைய டார்ஜான் படங்களில் ஆஸ்திரேலியாவின் குக்கபர்ரா சிரிக்கும். ஹாலிவுட்டில் வெண்தலைக் கழுகு வாயைத் திறந்தால் பெரும்பாலும் வருவது செவ்வால் பருந்தின் குரல். கழுகின் சொந்தக் குரல் கீச்சுக் கீச்சென்று இருப்பது அதன் கம்பீரத்துக்குக் குறைவாம்! மாயாஜால கேமுக்கு இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. பொழுது விடியும் முன்பே பறவைகள் போட்டி போட்டுக் கத்தட்டும், வெயில் ஏறியதும் அடங்கட்டும், ராத்திரியை ஆந்தைக்கு விட்டுவிடட்டும்.

அதைவிட மேலே போகலாம். வட அமெரிக்காவில் சிக்கடீ என்றொரு சிட்டு உண்டு. எதிரியைக் கண்டால் தன் பெயரைத்தானே கூவும். எதிரி எவ்வளவு ஆபத்தானவனோ அவ்வளவு 'டீ' கடைசியில் கூடும் என்று 2005-ல் ஆராய்ந்து சொன்னார்கள். மரத்துக்கு மரம் தாவிப் பிடிக்கத் தெரிந்த குட்டி ஆந்தைக்கு நிறைய 'டீ', தடியான கொம்பன் ஆந்தைக்குக் கொஞ்சம்தான். வேறு இனப் பறவைகளும் அதை ஒட்டுக்கேட்டு உஷாராகின்றன. காட்டில் நடந்துகொண்டிருக்கிறீர்கள், தலைக்கு மேல் 'டீ' எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. மேப்பில் சிவப்புப் புள்ளி எதுவும் வேண்டாம், எந்தப் பக்கம் திரும்புவது என்று காதே சொல்லும். அப்படி ஒரு கேம் வந்தால் முதல் நாளே நான் உள்ளே இருப்பேன்.

கேள்வி: செட்டிங்கில் பறவைகளை அணைத்தால் கேம் வேகமாக ஓடுமா?

பதில்: முதலில் நிழலைக் குறையுங்கள். வயிறாரத் தின்பது அதுதான். பறவைகள் கொறிக்கத்தான் செய்கின்றன.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. சனி ஞாயிறில் ஒரு மணி நேரம் கேம் ஆட அனுமதிக்கிறேன். சண்டைகூடப் போடாமல் ஒரு மலைமேல் போய் நின்று பறவை போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். கவலைப்பட வேண்டுமா?

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எங்கோ ஒரு அலுவலகத்தில் ஒருவர், யாரும் கேட்காதபோதும் அந்தப் பறவையின் இறக்கை மடிப்பைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அடிக்க முடியாது, பிடிக்க முடியாது, விற்க முடியாது என்று தெரிந்தும் செய்திருப்பார். யாராவது அண்ணாந்து பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில் அவர் செய்ததை, உங்கள் மகன் பார்த்திருக்கிறான்.

கவலை வேண்டாம். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கூட்டத்தில் எது முதலில் திரும்புகிறது என்று கேளுங்கள். அவனுக்குத் தெரிந்திருக்கும். பிறகு சாயங்காலம் ஐந்தரைக்கு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போங்கள். காக்கையும் கொக்கும் அடையப் போகிற நேரம் அது. தினமும் எந்தத் திசையில் போகின்றன, எத்தனை போகின்றன என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். நண்பர்கள் கேலி செய்தால் அவர்களையும் மாடிக்குக் கூப்பிடட்டும்.

கேள்வி: ஒரு கேமின் சர்வரை நிரந்தரமாக மூடும்போது அந்தப் பறவைகள் என்ன ஆகும்?

பதில்: 1999 நவம்பரில் தொடங்கிய 'அசெரான்ஸ் கால்' என்ற கேம் 2017 ஜனவரி 31 அன்று மூடப்பட்டது. அதுபோலப் பல உலகங்கள் மூடப்பட்டுவிட்டன. கடைசி இரவில் பழைய ஆட்கள் எல்லாரும் வந்து ஓரிடத்தில் கூடுவார்கள். பெயர் வேண்டாம், ஒரு சிறிய கேமின் அப்படிப்பட்ட இரவில் நானும் இருந்தேன். பாலத்தின்மேல் முப்பது நாற்பது பேர். ஒருவர் நடனமாடிக்கொண்டிருந்தார், ஒருவர் பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்தார். நேரம் வந்தது. நடனம் ஆடியவர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். யார் பேச்சும் வரவில்லை. தொடர்பு அறுந்தது என்ற அறிவிப்பு திரையில் வருவதற்குச் சில நொடிகள் பிடித்தன. அதற்குள் ஆற்றின் அக்கரையிலிருந்து ஆறேழு வெள்ளைப் பறவைகள் கிளம்பி, எங்கள் தலைக்கு மேலாகப் பாலத்தைக் கடந்து போயின.